குமரி மாவட்டத்தில் குடிப்பழக்கத்தை ஆய்வு செய்வது எப்படி? களம் இறங்கும் மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

குடியைப் பற்றி ஆய்வேடு எழுத வரும் சமூகப்பணி, சமூகவியல் மாணவர்கள் பலர் ஒரே வழியில்தான் தொடங்குகிறார்கள். ஒரு மறுவாழ்வு மையத்துக்குப் போய், அங்கே சிகிச்சையில் இருக்கும் ஐம்பது பேரிடம் படிவத்தை நிரப்பி வாங்குகிறார்கள். "குடும்பத்தில் பிரச்சினை உண்டா?" என்ற கேள்விக்குத் தொண்ணூறு சதவீதம் "ஆம்" என்று வருகிறது, அதுவே முடிவாகிவிடுகிறது. மையத்துக்கு வந்துசேர்ந்தவர்கள் எல்லை தாண்டியவர்கள். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் குடிப்பவர், குடியைத் தானாகவே விட்டவர், கடைசிவரை தொடாதவர் என்று ஊரில் இருக்கும் மற்ற எல்லோரும் அந்தப் படிவத்துக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். அவர்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது சமூக ஆய்வு. அதற்கான வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

"குமரி மாவட்டத்தில் மதுப்பழக்கம்" என்பது தலைப்பு, ஆய்வுக் கேள்வி அல்ல. யார், எப்போது, எங்கே, யாருடன், யார் காசில், யாருக்கு என்ன ஆகிறது என்ற ஆறில் இரண்டைப் பிடித்துக்கொண்டால் கேள்வி தானாக உருவாகும். "மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர் வீடுகளில் குடிக்குப் போகும் பணம் கூடுகிறதா, குறைகிறதா?" என்பது நல்ல கேள்வி. "ரப்பர் பால்வெட்டு நின்றுபோகும் மழை மாதங்களில் குலசேகரம் பக்கத்துத் தொழிலாளர்கள் எதை விட்டுக் குடிக்கிறார்கள், எதற்காகக் குடியை விடுகிறார்கள்?" என்பதும் நல்ல கேள்வி.

சட்டமும் நல்ல கேள்விகளைத் தரும். தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பிறகு, மக்கள்தொகை 20,000க்குள் உள்ள ஊர்களுக்கு அந்தத் தூரம் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. சாலையோரம் இருந்த கடைகள் பல, குடியிருப்புகளுக்கு நடுவே இடம் தேடின. 2017இல் தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடியது இதனால்தான். களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம், நாகர்கோவில் வழியாக வரும் சாலையை ஒட்டிய ஊர்களில், கடை இடம் மாறியபோது யாருடைய நடமாட்டம் மாறியது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழி மாறியதா என்று விசாரித்தால் அதுவே தனி ஆய்வு. மார்த்தாண்டம் அருகே உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை அகற்றக் கோரிக் கைபேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்று உயிரிழந்தார். கடை எங்கே இருக்கிறது என்பது இந்த மாவட்டத்தில் உயிரைக் கொடுத்துக் கேட்கப்பட்ட கேள்வி.

படி 2: ஏற்கெனவே இருக்கும் எண்களைப் படியுங்கள்

முதலில் தேசியக் குடும்பநல ஆய்வு. 2019-21இல் நடந்த ஐந்தாவது சுற்றின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 25.4 சதவீதம் பேரும் பெண்களில் 0.3 சதவீதம் பேரும் மது அருந்துகிறார்கள். மாவட்டவாரி அறிக்கைகளும் வெளியாகியிருக்கின்றன. குமரிக்கான தாளைத் தரவிறக்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு. 10 முதல் 75 வயதுக்குள் உள்ள இந்தியர்களில் 14.6 சதவீதம் பேர், அதாவது சுமார் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள் என்றது அது. ஆண்களில் 27.3, பெண்களில் 1.6 சதவீதம்.

மேலே சொன்ன 25.4ஐத் திருப்பிப் பாருங்கள். நால்வரில் மூன்று ஆண்கள் குடிப்பதில்லை என்று பதிவாகியிருக்கிறது. கொஞ்சம் மறைத்துச் சொல்லியிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும், குடிக்காதவர்களே பெரும்பான்மை. அவர்களைப் பற்றி நம் கல்லூரிகளில் ஆய்வு வருவது அபூர்வம். அதே கடற்கரையில், அதே படகில், அதே களைப்போடு கரை ஏறும் ஒருவர் எப்படிக் கடைக்குப் போகாமல் வீடு திரும்புகிறார் என்பதை யாராவது ஆய்வாக எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மூன்றாவது, விற்பனைக் கணக்கு. தமிழ்நாடு அரசின் மதுவிற்பனை நிறுவனமான டாஸ்மாக் 1983இல் தொடங்கப்பட்டது, சில்லறை விற்பனையை 2003இல் கையில் எடுத்தது. மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது. 2023-24இல் மாநில அளவில் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. மாவட்டக் கணக்கு வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "விற்பனை எவ்வளவு" என்று மொட்டையாகக் கேட்காமல், மாதவாரியாக, பீர் தனியாக, மற்ற மது தனியாக, பெட்டிக் கணக்கில் கேளுங்கள். ரூபாய்க் கணக்கு மட்டும் வந்தால், விலையேற்றத்தால் கூடியதா, குடி கூடியதால் கூடியதா என்று பிரிக்கவே முடியாது.

படி 3: மாவட்டத்தை ஒரே ஊராக எண்ணாதீர்கள்

2011 கணக்கெடுப்பின்படி குமரியின் மக்கள்தொகை 18,70,374. இதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் "நகர்ப்புறம்". பேரூராட்சிகள் மிகுதி என்பதால் வந்த எண் இது. பேரூராட்சி எல்லைக்குள்ளேயே ரப்பர் தோட்டமும் வயலும் வாழைத்தோப்பும் இருக்கும். ஆகவே "நகர்ப்புறம், கிராமப்புறம்" என்று இரண்டு கட்டம் போட்டு ஒப்பிடும் வழக்கமான அட்டவணை இங்கே பொருள் தராது. கடற்கரை, நாஞ்சில் நாட்டு வயற்புறம், மேற்கே கல்குளம் விளவங்கோடு பகுதித் தோட்டங்கள், மலையோரம், நாகர்கோவில் நகரம் என்று தொழிலையும் நிலத்தையும் வைத்துப் பிரியுங்கள்.

அடுத்தது நாள்காட்டி. விசைப்படகுகளுக்கான தடை கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் இந்த ஒரே மாவட்டத்துக்குள் வருகின்றன. சின்னமுட்டத்தில் படகுகள் கரையில் கிடக்கும் மே மாதத்தில் குளச்சலிலும் முட்டத்திலும் தொழில் நடக்கும். மே மாதம் இரண்டு இடத்திலும் கணக்கெடுத்து ஒப்பிட்டால், ஊர் வேற்றுமை என்று நீங்கள் எழுதுவது உண்மையில் பருவ வேற்றுமையாக இருக்கும். ரப்பருக்கு இலையுதிரும் பிப்ரவரி, மார்ச்சும் அடைமழையும் வேலையில்லாக் காலம். பனைத்தொழிலாளிக்கு அக்கானி (பதநீர்) இறங்கும் கோடைதான் உழைப்பும் வருமானமும். இவற்றோடு கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காட்டுக் கொடை, ஊர்க் கோவில் கொடைகள், பங்குத் திருவிழாக்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் குறித்துச் சுவரில் ஒட்டிக்கொண்டு களத்தேதியை முடிவு செய்யுங்கள்.

எல்லையும் உண்டு. களியக்காவிளை தாண்டினால் கேரளம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை, அங்கே கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்கி, வெளிமாநிலத் துறைமுகங்களில் கரையேறுகிறார்கள். அவர்கள் குடித்த கணக்கு நம் மாவட்ட விற்பனையில் வராது. விற்பனை எண்ணை மட்டும் நம்பினால் இந்த இரண்டு ஓட்டையும் அப்படியே இருக்கும்.

படி 4: அளவைச் சரியாகப் பிடியுங்கள்

ஆய்வுகள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குடிப்பழக்கத்தை அளக்கும், உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' படிவத்தை நீங்கள் பயன்படுத்தப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8 முதல் 15 வரை ஆபத்தான குடி, 16 முதல் 19 வரை கேடு விளைவிக்கும் குடி, 20உம் அதற்கு மேலும் என்றால் அடிமைத்தனம் இருக்கக்கூடும் என்பது பொதுவான வகைப்பாடு. அதில் இரண்டாவது கேள்வி, குடிக்கும் நாளில் எத்தனை 'ட்ரிங்க்' என்பது. மூன்றாவது, ஒரே அமர்வில் ஆறு அல்லது அதற்கு மேல் எத்தனை முறை என்பது. அந்தப் படிவத்தின் கணக்கில் ஒரு ட்ரிங்க் என்றால் 10 கிராம் சுத்த ஆல்கஹால்.

நம் ஊரில் யாரும் ட்ரிங்க் கணக்கில் குடிப்பதில்லை. குவாட்டர் கணக்கு, கட்டிங் கணக்கு. "எத்தனை ட்ரிங்க்?" என்று கேட்டால் "ஒண்ணுதான்" என்பார். அவர் சொல்லும் ஒன்று, ஒரு குவாட்டர். கணக்கைப் பாருங்கள். குவாட்டர் 180 மில்லி, பிராந்தி, ரம் போன்றவற்றின் வீரியம் 42.8 சதவீதம். 180ஐ 0.428ஆல் பெருக்கினால் 77 மில்லி ஆல்கஹால். அதன் அடர்த்தி 0.789. பெருக்கினால் ஏறக்குறைய 61 கிராம், அதாவது ஆறு ட்ரிங்க். கட்டிங் என்றால் அதில் பாதி, மூன்று. 650 மில்லி பீர், 5 சதவீதம் என்றால் இரண்டரை, 8 சதவீத 'ஸ்ட்ராங்' என்றால் நான்கு.

"ஒரு குவாட்டர்தான், அளவா குடிப்பேன்" என்று மனதார நம்பிச் சொல்பவர், அந்த ஒரே பாட்டிலில் மூன்றாவது கேள்வியின் எல்லையைத் தொட்டுவிடுகிறார். நீங்கள் "1" என்று எழுதியிருந்தால் அவர் பாதுகாப்பானவர் பட்டியலில் போய்விடுவார். இப்படி ஐம்பது பேர் போனால் ஆய்வே பொய்.

எனவே படிவத்தில் ட்ரிங்க் என்ற சொல்லே வேண்டாம். காலி பாட்டில்களையும் பிளாஸ்டிக் டம்ளரையும் படமெடுத்து அட்டையில் ஒட்டிக் காட்டுங்கள். என்ன சரக்கு, எத்தனை பாட்டில், எத்தனை பேர் பங்கு போட்டது, இவர் பங்கு எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். கிராமாக மாற்றுவது பிறகு உங்கள் மேசை வேலை. ஒரு குவாட்டரை இரண்டு பேர் பாதிப்பாதி போடுவது சாதாரணம் என்பதால் பங்கு கேட்காமல் விடவே கூடாது. எல்லைக்கு அப்பால் போய்க் கள் குடித்துவருவதைச் சொன்னால், எந்த நேரத்துக் கள் என்று கேளுங்கள். இறக்கிய நேரத்திலிருந்து புளிக்கப் புளிக்க வீரியம் ஏறும்.

"சராசரியாக மாதம் எத்தனை நாள்?" என்ற கேள்வியும் உதவாது. அலை அலையாகக் குடிக்கும் தொழில்களில் சராசரி என்று ஒன்று கிடையாது. ஒரு மாத நாள்காட்டியை முன்னால் விரித்து, "மீன் வித்த பணத்தைப் பங்கு பிரிச்ச நாள் எது? அன்னைக்கு? அதுக்கு மறுநாள்? மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்கு?" என்று பின்னோக்கிப் போங்கள். மெதுவான வேலைதான். ஆனால் கிடைப்பது நிஜமான கணக்கு. இதோடு விற்பனைக் கணக்கையும் ஒப்பிடுங்கள். வாய்மொழிக் கணக்கு விற்பனையை எட்டாது என்பது உலகெங்கும் கண்ட அனுபவம், பல இடங்களில் பாதிதான் வரும். உங்களுக்கும் குறைந்தால் பதறாமல், எவ்வளவு குறைகிறது என்பதை அறிக்கையில் எழுதுங்கள்.

படி 5: யாரைக் கேட்பது

மாதிரி அளவுக்கு எளிய சூத்திரம் போதும். ஆண்களில் 25 சதவீதம் குடிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, 5 சதவீதப் பிழைக்கு இடம் கொடுத்தால், 4 × 25 × 75 ÷ 25 = 300 பேர் (கடைசி 25 என்பது பிழையின் 5 × 5). ஊர் ஊராகக் கொத்தாகத் தேர்ந்தெடுப்பதால் ஒன்றரை மடங்கு, 450. பத்தில் ஒருவர் மறுப்பார் என்று வைத்தால் 500. இது ஒரே தொகுதிக்கு. கடற்கரையையும் தோட்டப்பகுதியையும் ஒப்பிட வேண்டுமானால் இரண்டுக்கும் தனித்தனியாக இந்த எண் வேண்டும். முதுநிலை மாணவர் ஒருவருக்கு இது பெரிய சுமை. அப்படியென்றால் சதவீதக் கணக்கை விட்டுவிட்டு, இருபது முப்பது பேரிடம் ஆழமாகப் பேசும் ஆய்வாக மாற்றிக்கொள்ளுங்கள். அறுபது பேரை வைத்துக்கொண்டு மாவட்டத்தின் சதவீதத்தைச் சொல்வது மட்டும் வேண்டாம்.

பெயர்ப்பட்டியலுக்கு வாக்காளர் பட்டியல் எளிது. ஆனால் வளைகுடாவுக்கும் கடலுக்கும் போனவர்கள் அதில் இருப்பார்கள், வீட்டில் இருக்க மாட்டார்கள். கத்தோலிக்கக் கடற்கரை ஊர்களில் அன்பியம் (சில குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) வாரியாகக் குடும்பக் கணக்கு பங்கில், அதாவது ஊர்த் தேவாலயத்தில் இருக்கும். பங்குத்தந்தையிடமும் ஊர்க் கமிட்டியிடமும் பேசி அனுமதி பெறுங்கள். அவர்கள் கைகாட்டும் வீடுகளுக்கு மட்டும் போகாதீர்கள். பகல் பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால் ஆண்கள் கிடைக்க மாட்டார்கள். ஞாயிறு மாலையும் தடைக்காலமும்தான் ஆள் அகப்படும் நேரம்.

படி 6: யாருக்கும் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்

கல்லூரி அறநெறிக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் களத்துக்குப் போகாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 அறநெறி வழிகாட்டுதலைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

ஒரு வீட்டில் கணவரிடம் குடியைப் பற்றியும், அதே வீட்டில் மனைவியிடம் அடிதடியைப் பற்றியும் கேட்கவே கூடாது. நீங்கள் வெளியேறியதும் "உன்கிட்ட என்ன கேட்டாங்க? நீ என்ன சொன்ன?" என்று தொடங்கும். அதன் விலையை அந்தப் பெண்தான் கொடுப்பார். வீட்டுக்கு ஒருவர் மட்டும். ஆய்வின் பெயரை வெளியில் "குடும்ப நலக் கணக்கெடுப்பு" என்றே சொல்லுங்கள். பேசும் பெண்ணிடம் மட்டும் தனியாக முழு விவரமும் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். நடுவில் யாராவது வந்தால் சட்டென்று மாறிக்கொள்ள, தண்ணீர் வசதி, பிள்ளை படிப்பு என்று ஒரு பக்கக் கேள்விகள் படிவத்தின் மேலேயே இருக்கட்டும்.

படிவத்தில் பெயர் வேண்டாம், எண் மட்டும். எண்ணுக்குரிய பெயர்ப்பட்டியல் வேறு இடத்தில் பூட்டியிருக்கட்டும். கள்ளச்சாராயம், திருட்டு விற்பனை பற்றிப் பேச்சு வந்தால் ஆள் பெயரையோ இடத்தையோ எழுதாதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகு இந்த விஷயத்தில் காவல்துறையின் கவனம் கூடியிருக்கிறது. உங்கள் குறிப்பேடு விசாரணைக்குக் கேட்கப்படாது என்று உறுதி தர உங்களால் முடியாது, அதனால் அப்படி வாக்குக் கொடுக்கவும் கூடாது. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். இதை ஒப்புதல் தாளிலேயே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. தினமும் அதிகம் குடிப்பவரிடம் இரக்கப்பட்டு "இன்னைக்கே விட்டுருங்க அண்ணே" என்று சொல்லிவிடாதீர்கள். பல ஆண்டு பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வியர்வை, வலிப்பு, இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் துணையோடு நிறுத்த வேண்டும். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வழிகாட்டுங்கள். மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, போதை மீட்பு உதவி எண் 14446, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 ஆகியவற்றை அச்சிட்ட சிறு சீட்டு எப்போதும் பையில் இருக்கட்டும். அந்தச் சீட்டைப் பெண்களிடம் கொடுக்கும்போது ரேஷன், மருத்துவ எண்களோடு கலந்து அச்சிட்டதைக் கொடுங்கள். கணவர் கண்ணில் பட்டாலும் கேள்வி வராது.

படி 7: கேட்கும் முறை

வீட்டில் யாராவது குடிப்பார்களா என்று நேராகக் கேட்டால் என்ன வரும் என்பதற்குக் கடப்புறத்தில் (கடற்கரையில்) மீன் விற்கும் ஒரு அம்மா சொன்னதே சாட்சி: "எங்க வீட்டுல அப்படியொண்ணும் இல்ல மக்களே. கடலுக்குப் போய்ட்டு வந்தா மேலு வலிக்கும், அதுக்குக் கொஞ்சம் குடிப்பாவ, அவ்வளவுதான்." முதல் வாக்கியத்தோடு பேனாவை மூடியிருந்தால் "இல்லை" என்று பதிவாகியிருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனதில் குடி என்றால் தெருவில் விழுந்து கிடப்பது. மேல்வலிக்குப் போடுவது மருந்து.

அதனால் வேலையில் தொடங்குங்கள். எத்தனை மணிக்குக் கரை ஏறுவார், ஏறியதும் என்ன செய்வார், யாரோடு போவார், பங்கு எங்கே பிரிப்பார்கள், வீட்டுக்கு எவ்வளவு வந்து சேரும். பணத்தின் வழியே போனால் குடி தானாகப் பேச்சில் வரும். நகை அடகு, சுயஉதவிக் குழுக் கடன், கடையில் பற்று ஆகியவற்றைக் கேளுங்கள். பெண்கள் குடியின் கணக்கைப் பாட்டிலில் சொல்ல மாட்டார்கள், அடகுச் சீட்டில் சொல்வார்கள்.

வயதில் மூத்தவர்களை அண்ணே, அக்கா, பாட்டா என்று அழையுங்கள். "சார், மேடம்" என்றால் அரசு ஆள் என்று நினைத்து மூடிக்கொள்வார்கள். உள்ளூர்த் தன்னார்வலர்கள் ஊரை அடையாளம் காட்டட்டும், ஆனால் பேட்டி எடுப்பவர் அதே தெருக்காரராக இருக்க வேண்டாம். போதையில் இருப்பவரிடம் வாங்கும் ஒப்புதல் ஒப்புதல் ஆகாது. மறுநாள் வாருங்கள். ஒக்கிப் புயலில் 2017இல் ஆண்களைப் பறிகொடுத்த தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களில், "வீட்டுக்காரர் என்ன செய்கிறார்?" என்று வாய் தவறியும் தொடங்காதீர்கள். யார் யார் இருக்கிறார்கள் என்று பொதுவாகக் கேளுங்கள்.

படி 8: ஒத்திகை

பத்துப் பேரிடம் முன்னோட்டம் பார்த்து, புரியாத கேள்வியை மாற்றுங்கள். அந்தப் பத்துப் பேரை இறுதிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 9: கணக்கும் எழுத்தும்

குடிப்பவர் சதவீதம் ஒன்று, குடிப்பவர் ஒருவர் ஒரு அமர்வில் குடிக்கும் கிராம் இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகக் கொடுங்கள். குடிப்பவர்கள் குறைவாக இருந்தும், குடிக்கும் நாளில் அளவு மிக அதிகமாக இருக்கும் ஊர்கள் உண்டு. சராசரியோடு நடு மதிப்பையும் எழுதுங்கள், நான்கைந்து பேர் மொத்தக் கணக்கையே இழுத்துவிடுவார்கள். பிறருக்கு விளைந்த தீங்குக்கு ஒரு தனி அத்தியாயம் கட்டாயம் வேண்டும். பிள்ளையின் பள்ளி விடுப்பு, இரவு தூக்கம், வண்டி விபத்து, அக்கம்பக்கத்துச் சச்சரவு எல்லாம் குடிக்காதவர் கட்டும் விலை.

சாதி, மதம், கடற்கரை என்று பிரித்து அட்டவணை போடும் முன் இரண்டு முறை யோசியுங்கள். கடப்புறத்துக்காரன் என்றாலே குடிகாரன் என்று வாய் கூசாமல் சொல்பவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். உங்கள் அட்டவணை அவர்கள் கையில் ஆயுதமாகும். கூலி எப்படி வருகிறது, வேலை எத்தனை நாள், கடை எவ்வளவு தூரம் என்பவற்றை வைத்து விளக்க முடிவதைச் சமூகத்தின் பெயரில் எழுதக் கூடாது. நான் வழிநடத்தும் எந்த ஆய்விலும் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

படி 10: ஊருக்குத் திருப்பிக் கொடுங்கள்

ஆய்வேட்டைக் கல்லூரியில் கொடுத்ததோடு வேலை முடியவில்லை. இரண்டு பக்கத்தில், ஊர் அடையாளம் தெரியாதபடி, கண்டதைத் தமிழில் எழுதி ஊராட்சிக்கும் பங்குக்கும் சுயஉதவிக் குழுக்களுக்கும் கொடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராமசபை கூடும். இந்த நான்கு நாளும் டாஸ்மாக் கடைகளுக்கும் விடுமுறை. தலைவரிடம் முன்கூட்டியே சொல்லி, பொருள் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். பேரூராட்சி என்றால் பகுதிசபையில் கேளுங்கள். பேசும்போது யாருடைய சொல்லையும் அப்படியே மேற்கோள் காட்டாதீர்கள். சின்ன ஊரில் ஒரு வாக்கியத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வாய்மொழித் தேர்வு முடிந்து பட்டம் கைக்கு வந்ததும், எண்களுக்குரிய அந்தப் பெயர்ப்பட்டியலை எரித்துவிட்டு, எரித்த தேதியை ஆய்வுக் கோப்பில் எழுதி வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்குங்கள்.